வண்டியைத் தூக்கும் முன்: வீட்டு வாசலில் ரிப்பேரும் 'லிஃப்ட் கிட்' ஆசையும்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா போன மழைக்காலத்தில் போன் செய்தார். "ஏங்கண்ணு, நீ கவர்மென்ட்லதானே இருக்கற? பிக்கப்புக்கு லிஃப்ட் கிட் போட்டா ஆர்.டி.ஓ.வுல ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

மழை பெய்தால் தோப்புக்குப் போகும் மண் தடத்தில் டயர் ஓடிய இடம் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். வண்டியின் அடிப்பாகம் அந்த மேட்டில் இடிக்கிறதாம். வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திவிட்டால் தொல்லை தீரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனில் கிட் பார்த்துவிட்டார், வீடியோவும் பார்த்துவிட்டார். "நாலு போல்ட்டக் கழட்டி மாட்டற வேலைதான். ஞாயித்துக்கிழமை நானும் பையனும் வாசல்லயே பண்ணிருவோம்."

நான் ஆர்.டி.ஓ. விஷயத்துக்கு உடனே போகவில்லை. "மாமா, வண்டியைத் தூக்கி எதுல நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

"ஜாக்கியிலதான். பத்தலைன்னா ரெண்டு ஹாலோ பிளாக் கெடக்குது."

அந்த ஹாலோ பிளாக்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வாகனத்தில் மாற்றம் செய்வது பற்றிச் சட்டம் சொல்வதையும் பார்க்கப் போகிறோம். ஆனால் சட்டத்தை மீறினால் அபராதத்தோடு முடியலாம், வண்டி மேலே விழுந்தால் அப்படி முடியாது. அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்

வண்டியோடு கம்பெனி கொடுக்கும் ஜாக்கி எதற்காக? பஞ்சரான டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுவதற்காக. பத்து நிமிட வேலை, அதுவும் வண்டிக்கு வெளியே நின்று செய்யும் வேலை. வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலைக்காக அது தயாரிக்கப்படவில்லை. ஹைட்ராலிக் ஜாக்கி என்றாலும் இதேதான். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும், தூக்கிய வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சீல் அறுந்தால் ஒரே நொடியில் இறங்கிவிடும்.

ஒரு பிக்கப்போ பெரிய ஜீப்போ ஏறக்குறைய இரண்டு டன் எடை இருக்கும். அதில் பாதி ஒரு ஜாக்கியின் உள்ளங்கை அகலத் தலையில் நிற்கிறது. நீங்கள் அடியில் படுத்துக்கொண்டு துருப்பிடித்த போல்ட்டை ஸ்பேனர் போட்டு இழுக்கும்போது, அந்த இழுப்பு முழுக்க வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஜாக்கி நேர் எடையைத் தாங்கும். பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது, சாய்ந்துவிடும்.

ஹாலோ பிளாக் ஏன் ஆபத்து? சுவரில் வரிசையாக அடுக்கும்போது எடை கல் முழுவதும் பரவுகிறது, அதனால் தாங்குகிறது. வண்டியின் சேஸ் அப்படி உட்காராது, ஒரு முனையில்தான் அழுத்தும். கல் முதலில் விரிசல் விட்டு எச்சரிக்கை தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பட்டென்று நொறுங்கும். செங்கல்லும் அப்படியே. மரக்கட்டையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நழுவும்.

பிறகு எதில் நிறுத்துவது? ஜாக்கி ஸ்டாண்டு என்று இரும்பில் தனியாகக் கிடைக்கிறது. உயரத்தை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். உதிரிபாகக் கடைகளில் ஜோடியாகத்தான் விற்பார்கள், ஜோடியாகத்தான் வாங்கணும். எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஜாக்கியால் தூக்கி, சேஸுக்கோ ஆக்சில் குழாய்க்கோ நேர் கீழே ஸ்டாண்டை வைத்து, வண்டியை மெதுவாக அதன் மேல் இறக்கணும். ஆயில் சம்பு, தரைத் தகடு இவற்றின் அடியில் வைக்கக் கூடாது. வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வெளியே நின்றபடி கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வைக்கணும். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ சேஸுக்கு அடியில் படுக்க வைத்துவிடுவது நல்ல பழக்கம். எல்லாம் தவறி வண்டி இறங்கினாலும் அந்த டயரின் மேல்தான் இறங்கும்.

தரையும் முக்கியம். மண்ணில் வைத்த ஜாக்கி புதையும், வாசலில் பதித்த பேவர் கல்லும் அமுங்கலாம். கான்கிரீட் தளம் இல்லையென்றால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகையோ இரும்புத் தகடோ போடணும். சரிவில் இந்த வேலையே வேண்டாம்.

ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, அப்புறம் என்ன?

இந்த இடத்தில்தான் அனுபவமுள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிரேக் பிடித்த இரண்டு சக்கரமும் காற்றில் இருக்கும். தரையில் இருக்கும் முன் சக்கரங்கள் உருள எந்தத் தடையும் இல்லை.

"கியர்ல போட்டு நிறுத்தியிருக்கேன்" என்பார்கள். பின் சக்கரத்தால் ஓடும் வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தக் காற்றில் நிற்கும் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். தரையில் உள்ள மற்ற பின் சக்கரத்தைக் கியர் பிடித்து வைக்காது. கியரில் இருக்கும் வண்டியே உருளும் என்பதை நான் ஒரு மெக்கானிக் செய்து காட்டும்வரை நம்பவில்லை.

அதனால் அண்டை கொடுக்காமல் வண்டியைத் தூக்கவே கூடாது. பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்களுக்கு, முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்களுக்கு, முன்னும் பின்னுமாக ஆப்பு வடிவக் கட்டை வைக்கணும். நம் லாரி கிளீனர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலைதான் இது. சொந்த வாசல் என்றதும் நமக்கு மறந்துவிடுகிறது.

இரண்டு அங்குலம் உயர்த்தினால் என்னென்ன மாறும்?

மாமாவின் கிட்டுக்கு வருவோம். லிஃப்ட் கிட் என்பது பொதுவாக முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர், பின்பக்கக் கமான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் இரும்புக் கட்டை, அதற்கேற்ற நீளமான யூ போல்ட்டுகள். சில கிட்டுகளில் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும். மாட்டுவது சுலபம் போலத்தான் தெரியும். மாட்டிய பிறகு வண்டியில் வேறு சில விஷயங்களும் சேர்ந்தே மாறுகின்றன.

பிரேக் ஹோஸ் குறிப்பிட்ட நீளத்தில்தான் இருக்கும். உயர்த்திய பிறகு பள்ளத்தில் சக்கரம் முழுக்கக் கீழே இறங்கும்போது அது விறைத்து இழுபடும். புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும், யூ-ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். வீல் அலைன்மென்ட் மாறுவதால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீயரிங் இழுக்கும். ஹெட்லைட் ஒளி மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வண்டியின் எடை மையம் உயர்வதால் வளைவில் சாய்வது கூடும். ஆனைமலைப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று பின் பிரேக் சமாச்சாரம். பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இணைத்த வால்வு இருக்கும். லோடு ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும். அந்தக் கம்பி நகர்ந்து, "பாரம் இருக்கு" என்று வால்வுக்குச் சொல்லும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தம் கூடும். காலி வண்டியில் அழுத்தம் குறையும், இல்லாவிட்டால் இலேசான பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். இப்போது பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால்? வண்டி நிறையத் தேங்காய் மூட்டை இருந்தாலும் வால்வு அதைப் பாரம் குறைந்த வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். பின் பிரேக்குக்குத் தேவையான அழுத்தம் போகாது. காலியாக ஓட்டிப் பார்த்து "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்தி அடைந்தவருக்கு, முதல் லோடு ஏற்றி இறக்கத்தில் வரும்போதுதான் தெரியும்.

உயர்த்தியதோடு பெரிய டயரும் போட்டால் ஸ்பீடோமீட்டரும் தவறு சொல்லும். அது சக்கரம் சுற்றும் எண்ணிக்கையை வைத்துத்தானே கணக்குப் போடுகிறது? டயரின் வெளிவிட்டம் 10 சதவீதம் பெரிதானால், முள் 60 காட்டும்போது வண்டி 66 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வண்டியின் அமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறினால் அது 'மாற்றம்'.

"ஆர்.சி. புக்ல தரையிலிருந்து எவ்வளவு உயரம்னு எழுதவே இல்லையே!" என்று மாமா கேட்டார். நல்ல கேள்விதான். இதற்கு 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பார்க்கணும். தயாரிப்பாளரின் அசல் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று அதில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. காரணம் எளிது. ஒரு மாடல் விற்பனைக்கு வருமுன் அதன் மாதிரி வண்டி, புனேயில் உள்ள ஆராய் போலவோ நம் ஓரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையம் போலவோ அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சோதிக்கப்படுகிறது. பிரேக், விளக்கு, எடை எல்லாம் சேர்ந்துதான் சான்று. சோதனையில் தேறிய வண்டி ஒன்று, நாம் ரோட்டில் ஓட்டுவது வேறொன்று என்றால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை.

2019-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவு தண்டனையையும் சொல்கிறது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள்.

பம்பருக்கு முன்னால் மாட்டும் 'புல் பார்' கம்பிகளும் இந்தக் கணக்கில்தான் வரும். அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மோதலின்போது குறுக்கே வருபவருக்குக் காயத்தைக் கூட்டும், ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கலாம்.

சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. உயரத்துக்காக இல்லாமல், கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகக் கமான் செட்டில் ஒன்றிரண்டு பட்டை சேர்ப்பது நம் ஊரில் சகஜம். பட்டை சேர்த்தால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு கூடாது. ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழையதுதான். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று சட்டத்தின் 194-ஆவது பிரிவில் உள்ளது. எஃப்.சி.க்குப் போகும்போதும் மாற்றங்கள் கண்ணில் படும். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கணுமே! விபத்து நடந்தால், பாலிசியில் தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேள்வி எழுப்பவும் இடமுண்டு.

எல்லா மாற்றமும் தடை என்று இதற்கு அர்த்தமில்லை. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப வண்டியை அமைப்பது, அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் பொருத்துவது, இன்ஜின் மாற்றுவது, வண்ணம் மாற்றுவது போன்றவற்றுக்கு வழி இருக்கிறது. பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து, ஆர்.சி.யில் பதிய வைக்கணும். பரிவாஹன் இணையதளத்தில் வாகனச் சேவைகள் பகுதியில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். வண்டி மேல் கடன் நிலுவையில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கையில் இருக்கட்டும். பணம் கொடுத்துப் பொருளை வாங்கிய பிறகு கேட்பதைவிட, வாங்கும் முன் கேட்பது நல்லது. பலரும் செய்வது தலைகீழாகத்தான்.

தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டு அதே அளவில் புதிய பாகம் போடுவது மாற்றம் அல்ல, ரிப்பேர். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வாசலில் எதைச் செய்யலாம்?

ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி, ஆயில் மாற்றுதல் இதெல்லாம் கொஞ்சம் கவனம் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகடிவ் முனை, மாட்டும்போது கடைசியாக நெகடிவ் முனை. பாசிடிவ் முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். ஷெட்டின் கதவை மூடிவிட்டு இன்ஜினை ஓட விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். அடியில் படுக்கும்போது கண்ணாடி அணியணும். துரு கண்ணில் விழுந்தால் கசக்காமல் மருத்துவமனைக்குப் போகணும்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தோப்பிலோ ஊற்றுவது கூடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் வாய் வைக்கும் இடத்தில் திறந்து வைக்காதீர்கள்.

காயில் ஸ்பிரிங் கழற்றுவது, ஏர்பேக் தொடர்புள்ள எந்த வேலையும், மின்சார வண்டியில் ஆரஞ்சு நிற வயர் உள்ள எந்த இடமும் வீட்டு வேலையில் சேராது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் கருவியிலிருந்து நழுவினால் ஆளையே கொல்லும். யூ போல்ட் வேலையும் பட்டறைக்குத்தான். கழற்றிய பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது. புதியதைச் சொன்ன அளவுக்கு டார்க் வைத்து முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்க்கணும்.

எந்த வேலையானாலும் தனியாகச் செய்ய வேண்டாம். கூப்பிடும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். வண்டி யார் மீதாவது இறங்கிவிட்டால் முதலில் அண்டை கொடுத்து, ஜாக்கியால் எடையைத் தூக்கணும். ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்கணும்.

மாமா விஷயம் என்ன ஆச்சு? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். பின்பக்கம் இடது பக்கத்தைவிட வலது பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. பல வருஷ லோடில் கமான் பட்டைகள் தளர்ந்துபோய், வலது பக்கத்தில் ஒரு பட்டை முறிந்தே இருந்திருக்கிறது. கம்பெனி அளவிலேயே புது செட் இரண்டு பக்கமும் கமான் பட்டறையில் மாட்டினார்கள். வண்டி அதன் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. தடத்தின் நடு மேட்டை ஒரு நாள் டிராக்டர் வைத்துச் சமன்படுத்தினார்.

கிட்டுக்கான ஆர்டரை ரத்து செய்துவிட்டார். ஜாக்கி ஸ்டாண்டு மட்டும் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். "ஹாலோ பிளாக்க என்ன பண்ணுனீங்க மாமா?" என்று கேட்டேன். மாட்டுக் கொட்டாயில் தண்ணித் தொட்டிக்கு அடியில் இருக்கிறதாம்.